இல்லாத கால் ஆணிக்கு மருந்து

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியமாவது செய்து முடிப்பது என்று, கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை குளியலறையில் நின்றபடி முடிவெடுத்தேன்.

காரணம், மரு. ஒன்றல்ல, மூன்று. கழுத்தில் வந்திருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போயிருப்பேன். வந்தது வெளியே சொல்ல முடியாத இடத்தில். கடுகு அளவில் இரண்டு, அவற்றுக்குத் தலைமை தாங்குவதுபோல் சற்றுப் பெரிதாக, சொரசொரப்பாக ஒன்று. வலி இல்லை. மாமனார் வீட்டில் என்னை இத்தனை வருஷமாக மருமகன் என்று கூப்பிடுகிறார்கள். இப்போதுதான் அந்தப் பட்டத்துக்குத் தகுதி வந்தது.

போனில் தேடினேன். உடலுறவால் பரவும் வைரஸ் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என் பயம் வைரஸைப் பற்றியதல்ல. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கதை உண்டு. ஒரே ஒருத்தி, ஒரே ஒரு மழைக்காலம். மனைவியிடம் சொன்னதில்லை. முதல் வருஷம், இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று தோன்றியது. மூன்றாம் வருஷம், இனிமேல் எதற்கு என்று தோன்றியது. நடுவில் அந்த இரண்டாம் வருஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்குத் தொழில் பூட்டு ரிப்பேர். சாவியைத் தொலைத்தவர்களின் கதவைத் திறந்து கொடுப்பேன். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்ப்பவள். அவளிடம் ஒன்றை மறைக்க நினைத்தேன் என்றால் என் துணிச்சலைப் பாருங்கள்.

மருந்துக் கடைக்குப் போனேன்.

"கால் ஆணிக்கு மருந்து வேணும்."

"எந்தக் கால்ல?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

ரெண்டுக்கும் பொதுவான இடத்தில் என்று சொல்ல முடியுமா? "வலது" என்றேன்.

"பாத்துப் போடுங்க. பாதத்துல மட்டும்தான். மெல்லிசான தோல்ல பட்டா வெந்துடும்."

வெந்தது. மறுநாள் காலை தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மூன்று சொட்டு விட்டேன். அடுத்த நிமிஷம் ஒற்றைக் காலில் குளியலறையைச் சுற்றி வந்தேன்.

"என்னங்க சத்தம்?" என்றாள் வெளியிலிருந்து.

"பாட்டு."

"பாட்டா? யாரையோ வெட்டுற மாதிரி இருக்கு."

"உச்ச ஸ்தாயி."

வெளியே வந்தேன். அவள் என் நடையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"ஏன் குதிரையில இருந்து இறங்கின மாதிரி நடக்கறீங்க?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு."

"முதுகு பிடிச்சா கால் ஏன் அகலுது?"

"நரம்பு. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொடர்பு."

"ஓ," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அவள் அப்படி விடுகிறவள் இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நான்கு நாளில் புண்ணாகிவிட்டது. மரு மூன்றும் அப்படியே இருந்தன. வேறு வழியில்லாமல் ரெண்டு பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடியில் ஒரு தோல் டாக்டரைத் தேடிப் போனேன்.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கால் ஆணி மருந்து."

அவர் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு, நிதானமாக உட்கார்ந்தார்.

"முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க. புண் ஆறட்டும். அப்புறம் மூணு நாலு வழி இருக்கு. ஒரு கிரீம் இருக்கு, நீங்களே போட்டுக்கலாம். வாரம் மூணு நாள், படுக்கப் போறப்ப போட்டுட்டுக் காலையில கழுவணும். நாலு மாசம் வரைக்கும் ஆகலாம். இல்லைன்னா இங்கயே கடுங்குளிர் வெச்சு உறைய வெப்போம். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதரம் வரணும். மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டும் எடுக்கலாம். ஒண்ணும் செய்யாம விட்டாலும் சிலருக்குத் தானா போயிடும், சிலருக்குப் பெருகும்."

"எதைப் பண்ணினா சுத்தமா போகும் டாக்டர்?"

"மரு போகும். வைரஸ் கொஞ்ச காலம் உள்ளே இருக்கும். திரும்ப வந்தா திரும்பப் பாத்துக்கலாம். இதுல அவமானம் ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா?"

கேட்கக்கூடாததைக் கேட்டேன். "இது யாருகிட்ட இருந்து வந்திருக்கும்?"

"சொல்ல முடியாது. மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல சும்மா இருந்துட்டுத் தலைகாட்டும். மனைவிகிட்ட சொல்லுங்க. அவங்களும் ஒருதரம் பாத்துக்கட்டும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அவங்க விடவே கூடாது. மரு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

கிரீம் போதும் என்று சீட்டு வாங்கிக்கொண்டேன். ரெண்டு பஸ்ஸிலும் பேச்சைத் தயாரித்தேன். முதல் பஸ்ஸில் மன்னிப்பு, இரண்டாவதில் விளக்கம். வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உட்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கிரீமா, உறைய வைக்கறதா?" என்றாள், என் சட்டையை மடித்தபடி.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க ஸ்பானர் பெட்டியில கால் ஆணி மருந்து இருந்துச்சு. உங்களுக்குக் கால் ஆணி கிடையாது. பதினாலு வருஷமா அந்தக் கால் என் மேலதான் கிடக்கு, எனக்குத் தெரியாதா? எனக்கும் வந்துச்சுங்க. மூணு மாசம் முன்னாடி. மூணு தடவை போய் உறைய வெச்சு எடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வாயெடுத்தேனே! ஒரு தடவை டிவி சத்தத்தைக் கூட்டினீங்க. ஒரு தடவை யாரோ வீட்டுக்கு வெளியே மாட்டிக்கிட்டாங்கன்னு ஓடினீங்க." கையிலிருந்த சட்டையை மறுபடி பிரித்தாள். "அப்புறம் எனக்கே பயம் வந்துடுச்சு. நீங்க என்னைச் சந்தேகப்பட்டா?"

நான் ரெண்டு பஸ்ஸில் சுமந்து வந்த அதே பயம். மூன்று மாதமாக அதே வீட்டில், அதே கட்டிலில், எனக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்திருக்கிறது. ஊரார் கதவையெல்லாம் திறந்து கொடுக்கிறவனுக்கு அது தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்தபடி, ஒன்றும் விடாமல். இடி விழும் என்று காத்திருந்தேன்.

"அவளா?" என்றாள். "நம்ம கல்யாணத்தன்னிக்கே உங்க அக்கா சொல்லிட்டாங்க. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்."

பதினாலு வருஷமாக நான் காவல் காத்த அறை திறந்தே கிடந்திருக்கிறது.

"எனக்கும் ஒரு கதை உண்டு," என்றாள், எழுந்துகொண்டே.

"என்ன கதை? யாரு?"

"இப்ப இல்ல. கிரீமை ஒரு நாள் விடாம முடிங்க. முடிச்ச அன்னிக்குச் சொல்றேன்."

புண் ஆறிய பிறகு ஆரம்பித்தேன். வாரம் மூன்று நாள், காலண்டரில் பெருக்கல் குறி போட்டு. முதல் மாதம் கிரீமைவிட அந்தக் கதைதான் எரிந்தது. சந்தேகப் பட்டியலில் அவளோடு படித்தவன், அவள் கடை முதலாளி, எங்கள் கல்யாணத்தில் நீளமாகப் பேசி வாழ்த்தியவன், எல்லோரும் வந்துபோனார்கள். ஒரு பூட்டைக் கழற்றும்போது யோசித்தேன். என் மழைக்காலம் அவளுக்குத் தெரிந்திருந்தும் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தவள்தானே. அவளுக்கும் ஒரு மழைக்காலம் இருந்துவிட்டுப் போனால் எனக்கு என்ன குறைந்துவிடும்? மூன்றாம் மாதம் பட்டியலில் யாரும் இல்லை. கேட்காமலே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அவளுடைய பரிசோதனைக்கு நானே கூடப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். முடிவு நன்றாக வந்தது. என் மருக்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மறையவேண்டியது மறைந்துவிட்டது, திரும்ப வந்தால் வாங்க என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "முடிச்சுட்டேன். ஒரு நாள்கூட விடல. உன் கதை எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். மனசு பக்குவப்பட்டுடுச்சு. சொல்லு."

"கதையா?" என்று நிமிர்ந்தாள். "அப்படி ஒண்ணும் இல்லைங்க. ஒரு இருமல் மருந்தாவது முழுசா முடிச்சிருக்கீங்களா நீங்க?"