சொன்னபடியாரும் சத்தமில்லாத வீடியோவும்

சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் மட்டக்களப்பிலே ஒரே ஒருவர்தான் இருந்தார். இன்னொருவரும் இருந்திருந்தால் ஊர்ச்சனம் முழுவதும் வாவிக்குள் இறங்கியிருக்கும்.

எங்கள் வீதியில் வீடியோக் கடை வைத்திருந்தவர். கலியாணம், வீடு குடிபூரல், பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் கமராவோடு போவார். பழைய வீடியோக் கெசட்டுகளை இந்தக் காலத்து ஃபோனுக்கும் டெப்லெட்டுக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பார், பேனரும் அடிப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் சொன்னபடியார். முகத்துக்கு நேரே 'அண்ணன்'.

கடை மேசையில் தடித்த சீஆர் கொப்பி ஒன்று கிடக்கும். நீங்கள் வேலை சொல்லச் சொல்ல, அவர் உங்கள் வாயிலிருந்து விழுவதை ஒரு சொல் விடாமல் எழுதுவார். இருமினால் அதை மட்டும் விட்டுவிடுவார். எழுதியதை வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்குவார். அந்தக் கொப்பியில் கையெழுத்து வைத்தவன் கெட்டான்.

சித்தாண்டியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் பெருமைக்காரர். "என்ட மகனில இருந்து கமராவை எடுக்கவே படாது" என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டார். நாலு மணி நேர வீடியோவில் நாலு மணி நேரமும் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை வேர்க்கிறார், மாப்பிள்ளை வடை தின்கிறார், மாப்பிள்ளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முதுகு சொறிகிறார். தாலி கட்டும் நேரத்தில் அவருடைய இரண்டு கைகளும் படத்துக்கு வெளியே போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வருகின்றன. பெண் வீட்டார் எவ்வளவு தேடியும் மணமகளின் முழங்கை ஒன்றுதான் அகப்பட்டது. அந்தப் பிள்ளையை மச்சாள்மார் இன்றைக்கும் 'முழங்கை' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

ஏறாவூர்ப் புடவைக் கடை முதலாளி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், பேனர் அடிக்க வந்தார். "மேல கடைப் பேரைப் பெரிசாப் போடுங்க, கீழ சும்மா ஏதாவது போடுங்க" என்றார். மறுநாள் பேனர் ஏறியது. மேலே கடைப் பெயர். கீழே, தங்க நிறத்தில், 'சும்மா ஏதாவது'. காக்கா தலையில் கைவைத்தார். ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்க வந்த பெண்கள் ஆளுக்கொரு சீலை வாங்கிக்கொண்டு போனதால் பேனர் இறங்கவேயில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பாசிக்குடா விஷயம். ஹோட்டல் ஒன்றுக்குக் கொழும்பிலிருந்து புதிதாக வந்த மனேஜர், "பெரிய அலை ஒண்டு வரும்வரைக்கும் நிண்டு எடுங்க" என்று சொல்லிவிட்டார். பாசிக்குடாவில் எங்கே அலை? அரைக் கட்டை தூரம் நடந்தாலும் முழங்கால் நனையாத கடல் அது. சொன்னபடியார் இரண்டு பகல் தண்ணீருக்குள் கமராவோடு நின்றார். வெள்ளைக்காரர்கள் அவரோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மனேஜரே வந்து, "ஐயா, அலை வேணாம்" என்று எழுதிக் கொடுத்துக் கரையேற்றினார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்தவன் வீட்டுக் கூரை பறக்கும்போது சிரிப்பதில் என்ன கஷ்டம்?

எங்கள் வீட்டைப் பற்றி இப்போது கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எல்லாமே சத்தமில்லாமல்தான் நடக்கும். அக்காவின் புருஷன், என் அத்தான், கட்டாருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அது சத்தமில்லாமல் நடந்தது. அவருடைய பெயரை இனி இந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக்கூடாது என்று பெரியண்ணன் தீர்ப்புச் சொன்னார். நாங்கள் சத்தமில்லாமல் தலையாட்டினோம். பிறகு அத்தான் அங்கேயே செத்தும் போனார். அக்கா சத்தமில்லாமல் அழுதிருப்பாள், நான் போய்ப் பார்க்கவில்லை. பெரியண்ணனுக்குக் குடும்ப மானம் என்றால் உயிர். அக்காவின் உயிர் அந்தக் கணக்கில் சேராது.

பிறகு அக்காவுக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லண்டனிலிருக்கும் மகள், அம்மா படுத்தபடி பார்க்கட்டும் என்று ஒரு டெப் அனுப்பியிருந்தாள். ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, நம்மட வீடு குடிபூந்த நேரம் எடுத்த கெசட் அலுமாரிக்குள்ள கிடக்கு. அதில அவர் கதைக்கிறார். எனக்கு ஒருக்காக் கேட்கணும்."

"எதுக்கு அக்கா இப்ப?"

"முகம் ஞாபகம் இரிக்கிடா. குரல்தான் மறந்து போச்சு."

இவ்வளவுதான் அவள் கேட்டது. தன்னை விட்டுவிட்டுப் போனவனின் குரலைக் கேட்டுவிட்டுச் சாகவேண்டும். கேட்கிற வரைக்கும் தொண்டையில் கஞ்சி இறங்காது போலிருந்தது அவள் படுத்துக் கிடந்த கிடை.

கெசட்டை ஷேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு சொன்னபடியாரிடம் போனேன். பெரியண்ணன் பின்னேரங்களில் குந்தியிருக்கும் தேத்தண்ணிக் கடை நேர் எதிரே. என் வாய் என்ன சொல்கிறது என்பதைவிட அவர் அங்கே இருக்கிறாரா என்பதில்தான் எனக்குக் கவனம்.

"அண்ணன், இதை டெப்பில பார்க்கிற மாதிரி மாத்தித் தாங்க. ஆனாச் சத்தமில்லாமச் செய்யணும்."

பேனை நின்றது. "சத்தமில்லாமலா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி."

"ஓம் அண்ணன். சத்தம் வரவே படாது. ஒரு ஈ காக்காய்க்கும் கேட்கப்படாது."

எழுதினார். வாசித்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே கையெழுத்து வைத்தேன். கெசட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் ஒரு மெமரி கார்டில் வீடியோ வந்தது. அக்காவின் காதில் ஹெட்செட்டை மாட்டி ஓடவிட்டேன். அத்தான் வெள்ளை வேட்டியோடு திரையில் வந்தார். வாய் அசைந்தது. அக்கா கண்ணை மூடிக் காத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"கேட்கல்ல தம்பி."

வொலியூமைக் கூட்டினேன். ஹெட்செட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். புது ஹெட்செட் வாங்கினேன். டெப்பை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். அலுவலகத்தில் கணினி தெரிந்தவர் வேறு பிளேயர் போடச் சொன்னார். மூன்று போட்டேன். மூன்றாவதில் திடீரென்று, ஹெட்செட்டையும் மீறிப் பெரிய சத்தம்! அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சீட்டாட்ட விளம்பரம். "என்னடா அங்க சத்தம்?" என்று பெரியண்ணன் மண்டபத்திலிருந்து கேட்டார். "ஒண்டுமில்ல" என்றேன். எனக்கு நாற்பது வருடமாகப் பழகிய பதில் அது.

இன்டர்நெட்டில் தேடினேன். சத்தத்தைச் சுருக்கி வைக்கிற ஓடியோ கோடெக் டெப்புக்கு ஒத்துவராவிட்டால் படம் மட்டும் ஓடுமாம், வேறு மாதிரி மாற்ற வேண்டுமாம். அலுவலகக் கணினியில் திருட்டுத்தனமாக நாலு விதத்தில் மாற்றினேன். ஒருமுறை அத்தான் குள்ளமாக வந்தார், ஒருமுறை அகலமாக வந்தார். பேசத்தான் இல்லை. ஊமையை நாலு தரம் குளிப்பாட்டினால் வாய் திறக்குமா?

கடைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். நான் வேலை விட்டு வருகிற நேரம் எதிரே தேத்தண்ணிக் கடை, அதற்குள் பெரியண்ணன். ஃபோனில் கேட்டிருக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் ஃபோன் எடுக்காதீங்க என்று எவனோ எந்தக் காலத்திலோ சொல்லிவைத்ததால் சொன்னபடியார் ஃபோன் எடுப்பதேயில்லை. இப்படியே ஒன்பது நாள் போனது. ஒவ்வொரு நாளும் அக்கா ஹெட்செட்டுக்குத் தலையைத் தூக்குவாள். ஒன்பதாம் நாள் தலையைத் தூக்க நான் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குக் காத்தான்குடியில் ஃபோன் திருத்துகிற காக்கா ஒருவரிடம் டெப்பைக் கொண்டுபோனேன். அவர் ஏதோ இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், டெப்பில பிழையில்ல. இந்த வீடியோவில ஓடியோவே இல்ல. மாத்தின ஆள் வேணுமெண்டே சத்தத்தைக் கழட்டிப் போட்டிரிக்கார். தண்ணி இல்லாத கிணத்துக்க நீங்க வாளியை மாத்தி மாத்தி இறக்கியிரிக்கீங்க."

நேரே கடைக்குப் போனேன். தேத்தண்ணிக் கடையைப் பார்க்கவில்லை.

"என்ன மனிசன் நீங்க! சத்தத்தை ஏன் எடுத்தீங்க?"

சொன்னபடியார் கொப்பியைப் பிரித்து, எதிர்க்கடைச் சனமும் கேட்க வாசித்தார். "சத்தமில்லாமச் செய்யணும். சத்தம் வரவே படாது. ஒரு ஈ காக்காய்க்கும் கேட்கப்படாது." பிறகு நிமிர்ந்து, "இது உங்கட கையெழுத்துத்தானே தம்பி? எனக்கும் மனசுக்க ஒரு மாதிரித்தான் கிடந்த. அதான் திருப்பியும் கேட்டனான்" என்றார்.

ஊர் சிரித்தது. எனக்குப் பைத்தியம் பிடித்தது. என் கோழைத்தனத்தை எழுத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் வாசித்தால் வேறென்ன பிடிக்கும்?

"சத்தத்தோட கொண்டுவந்து தாங்க! ஊருக்கே கேட்டாலும் கேட்கட்டும்! அதுக்கு மறுகா இந்தப் பிறப்பில என்ட முகத்தில முழிக்கப்படாது!"

அதையும் எழுதினார். கொப்பியை நீட்டினார். நான் வைத்த கையெழுத்தில் தாள் கிழிந்தது.

அடுத்த நாள் பகல் எங்கள் வாசல் படலையில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற ஸ்பீக்கர் பெட்டி இரண்டை இறக்கினார் சொன்னபடியார். ஒன்றை வீதிப் பக்கம் திருப்பினார், ஒன்றை அக்காவின் ஜன்னலுக்கு நேரே வைத்தார். நான் ஓடிவருவதற்குள் சுவிட்ச் போட்டாயிற்று.

நாதஸ்வரம் வந்தது. குழந்தைகள் அழுதன. பாத்திரம் விழுந்தது. பிறகு, அந்த வீட்டில் இத்தனை வருடம் பெயர்கூட நுழையாத மனிதனின் குரல், ஒழுங்கை முழுக்கக் கேட்க வந்தது.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா? இஞ்ச… புள்ள, நீ சாப்பிட்டியா?"

பெரியண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். "நிப்பாட்டு! யாரைக் கேட்டுப் போட்ட நீ?"

"நிப்பாட்டச் சொல்லி எழுதல்ல ஐயா" என்றார் சொன்னபடியார்.

பெரியண்ணன் வயரைப் பிடுங்கக் குனிந்தார். அப்போதுதான் ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. எங்களோடு பேசிய குரல் இல்லை அது. புதுப்பெண்ணின் குரல்.

"இன்னும் இல்ல."

பெரியண்ணனின் கை வயரிலேயே நின்றது. பிறகு விட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த ஓர் இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட ஜன்னலால் கைகாட்டினாள் அக்கா. அவள் கைகாட்டிய ஒவ்வொரு தரமும் சொன்னபடியார் போட்டார். அன்று அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். கடைசியில் அவர் பெட்டிகளை ஏற்றி, டெப்புக்கான மெமரி கார்டை, இந்தமுறை குரலோடு, எனக்கு முதுகைக் காட்டியபடி பின்கையால் நீட்டினார். அது என் கைக்கு வந்ததும் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா பன்னிரண்டு நாள் இருந்தாள். ஹெட்செட்டுக்குள் ஒருவன் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். நாங்கள் இரண்டு சகோதரர்கள் பக்கத்தில் இருந்தும் அதைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பன்னிரண்டு இருபத்தொன்றாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்பது நாளையும் நான்தான் தின்றேன். சொன்னபடியார் இல்லை, கோடெக்கும் இல்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் சொன்னபடியார் என் முகத்தில் முழிக்கவில்லை. கடையைத் தாண்டினால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைப்பார். ஒருநாள் கல்லடிப் பாலத்தில் நான் சைக்கிளில் வருவதைக் கண்டு, கம்பியைப் பிடித்து வாவியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். நான் பாலம் கடக்கும்வரை நிற்பார் என்று தெரிந்ததால் வேகமாக மிதித்தேன். நாக்கில் ஒரு சொல் இருந்தது. அதையும் சத்தமில்லாமல் விழுங்கினேன்.

அக்காவின் செத்தவீட்டில் பெரியண்ணன் பந்தலுக்கு நடுவில் நின்று, தங்கச்சியைத் தான் எப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஒரு மச்சாள் வந்து, "ஆரிது, செத்த வீட்டுக்கு வந்து வேலியைப் பார்த்துக்கொண்டு நிக்கிற?" என்று கேட்டாள்.

வளவின் மூலையில் வெள்ளை ஷேட்டோடு, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, வேலியோடு வேலியாக நின்றார் சொன்னபடியார்.

பக்கத்தில் போனேன். "இஞ்சால கிறுகுங்க அண்ணன்."

"எழுத்தில கிடக்கு தம்பி" என்றார், வேலியைப் பார்த்தபடியே.

"அதை வெட்டி விடுங்க."

மெல்லத் திரும்பினார். அழுதழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. என் அக்காவின் வாயிலிருந்து இரண்டே இரண்டு சொல் கேட்ட மனிதர் அவர். அன்றைக்கு அத்தனை சொந்தக்காரர்களுக்குள் எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது அந்த ஒரு முகத்தைத்தான்.