பரிவட்டம் டாக்டர்

பரிவட்டத்தின் மானத்தை எங்கள் ஊரில் கப்பலேற்றியவர் ஒரே ஒருவர்தான். கோயிலில் பெரிய மனிதர்களின் தலையில் கட்டுகிற அந்தப் பட்டுத் துணிக்காகக் காரைக்காலில் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்; கோர்ட் வரை போவார்கள். அப்பேர்ப்பட்ட துணியைக் கண்டதும் ஒரு தலைமுறையே அலறிக்கொண்டு ஓடும்படி செய்தார் எங்கள் குழந்தை டாக்டர். பெயர் என்னவோ வாய்க்குள் நுழையாத பிரெஞ்சுப் பெயர். ஊருக்கு அவர் பரிவட்டம் டாக்டர்.

ஆப்பிரிக்கா பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் ரியூனியன் தீவில் பிறந்து பாரீஸில் படித்தவர். "தாத்தாவுக்குத் தாத்தா காரைக்கால்லதான் கப்பல் ஏறினாருங்க" என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து இறங்கினார். எங்கள் ஆட்கள் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள வரனாகத் தேடி அலைந்துகொண்டிருக்க, இவர் பாஸ்போர்ட்டோடு எதிர்த்திசையில் வந்தார் என்றால் மூளை எந்தப் பக்கம் வேலை செய்தது பாருங்கள்! ஒரே சிக்கல், எந்த கிராமம் என்று அந்தத் தாத்தா சொல்லாமல் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் டாக்டர் மொபெட்டில் கிளம்பிவிடுவார். பூவம் கிராமத்தில் போய், "நான் உங்க ஊராங்க?" என்பார். காபி கொடுத்து, "எங்க ஊரு இல்லீங்க, மண்டபத்தூர்ல கேட்டுப் பாருங்க" என்பார்கள். மண்டபத்தூரில் கோட்டுச்சேரிமேட்டைக் கை காட்டுவார்கள். அங்கே கருவாடு கொடுத்து அனுப்பினார்கள். ஊர் மட்டும் கிடைக்கவில்லை.

தமிழ் அவருக்குக் கிளினிக்கில் வந்தது. பிள்ளைகளைக் கொஞ்சும் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது. அதனால் தாசில்தாரைப் பார்த்தாலும், "மம்மு சாப்பிட்டீங்களா? ஆய் ஒழுங்கா போறீங்களா?" என்றுதான் விசாரிப்பார். தாசில்தாரும் மரியாதையாகப் பதில் சொல்லுவார்.

ஊசி போடுவதற்கென்று அவரிடம் ஒரு சடங்கு உண்டு. டேப்ரிக்கார்டரில் நாதஸ்வரம் முழங்கும். பிள்ளைக்கு மாலை போடுவார். தலையில் சிவப்புப் பட்டால் பரிவட்டம் கட்டி, "ஐயா வர்றாருங்க, வழி விடுங்க!" என்பார். பிள்ளை மந்திரி மாதிரி பூரித்து நிற்கும்போது பின்பக்கம் ஊசி இறங்கிவிடும். "முடிஞ்சிருச்சி, முடிஞ்சிருச்சி! சமத்து!" என்று முதுகைத் தடவுவார். அடுத்த தடவை பட்டைக் கண்டாலே பிள்ளை இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொள்ளும். நானும் பொத்தியவன்தான். என் கல்யாணத்தில் மாமா எனக்குத் தலைப்பாகை கட்டியபோது கை தானாகப் பின்னால் போனது. போட்டோவில் இருக்கிறது. என் மனைவி இன்னும் விளக்கம் கேட்கிறாள்.

எங்கள் பிள்ளையார் கோயில் கமிட்டிக்கு அவர் தலைவரானதில் ஒரு ரகசியமும் இல்லை. வேலை கிடந்தது, செய்ய ஆள் இல்லை. கூட்டத்தில் எழுந்து, "உம்மாச்சிக்குக் கும்பாபிஷேகம் பண்ணணும். யாரும் அடம் பிடிக்கக் கூடாது. பொய் சொன்னா உம்மாச்சி கண்ணைக் குத்தும்" என்பார். நரைத்த தலைகளெல்லாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். தெருத் தெருவாக அலைந்து, இடிந்து கிடந்த கோயிலை எழுப்பியும் காட்டிவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். "கும்பாபிஷேகத்துல எனக்கு முதல் பரிவட்டம் கட்டுவாங்களா? கட்டிட்டா நான் இந்த ஊருன்னு அர்த்தமாங்க?" என்று என்னைக் கேட்டார். "ஆமா டாக்டர், பின்ன?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

குறுக்கே வந்தான் கலியபெருமாள். பண்ணை வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் டாக்டரின் கையைக் கடித்த பெருமையும் உண்டு. "பூர்வீகம் எந்த ஊருன்னே தெரியாதவருக்குப் பரிவட்டமா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? எங்க வீட்டுக்குத்தான் கட்டணும்" என்றான். வேலைக்கு வெளியூர்க்காரர், மரியாதைக்கு உள்ளூர்க்காரர். எவ்வளவு நியாயமான வழக்கம்! கமிட்டி தலையை ஆட்டியது. "சரிங்க, நான் அடம் பிடிக்க மாட்டேன்" என்றார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு நீர் ஊற்றியாயிற்று. மேளமும் நாதஸ்வரமும் முழங்க, கலியபெருமாளுக்கு மாலை போட்டார் குருக்கள். தலையில் பட்டுத் துணியை வைத்து ஒரு சுற்றுதான் சுற்றியிருப்பார். கலியபெருமாளின் இரண்டு கையும் பின்னால் போய்விட்டன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வேணாம் டாக்டர்!" என்று ஒரு அலறல்.

ஓரத்தில் நின்ற டாக்டர் பழக்க தோஷத்தில் ஓடி வந்து அவன் முதுகைத் தடவினார். "முடிஞ்சிருச்சி, முடிஞ்சிருச்சி! சமத்து!"

கோயிலே சிரித்தது. கலியபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பட்டை அவிழ்த்துக் குருக்களிடம் நீட்டினான்.

"எனக்கு முதல் பரிவட்டத்த இவரு எப்பவோ கட்டிட்டாரு சாமி. இத இவருக்குக் கட்டுங்க."

குருக்கள் தயங்கினார். "பூர்வீகம்..."

"எங்க ஊருதான் சாமி!" என்றான் கலியபெருமாள்.

டாக்டர் குனிந்து தலையைக் கொடுத்தார். பட்டு நெற்றியில் பட்டதும் அவர் கையும் மெல்லப் பின்னால் போனது. "ஊசி கிடையாதில்லீங்க?" என்று கேட்டார்.

ஊசி யாரும் போடவில்லை. ஆனாலும் மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார். "முடிஞ்சிருச்சி டாக்டர், சமத்து, சமத்து" என்று நான்தான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.