இருபத்தெட்டரை மணி நேரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலம் என்றே நினைக்கிறேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், வீட்டில் அனைவரும் சுகம் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பை முடிக்க உங்கள் தங்கை இளங்கலைப் பொருளாதாரத்தில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். சேரச் சொன்னவனே நான்தான். முதல் இரண்டு வருடம் தேவை, அளிப்பு, வளைகோடு என்று எல்லாம் காகிதத்தோடு நின்றது. மூன்றாம் வருடம் பயன்பாட்டுப் பொருளாதாரம் வந்தது. அது என்ன என்று கேட்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சுகாதாரப் பொருளாதாரம் படித்த மாதம், பல் வலி தாங்காமல் மருத்துவரிடம் போனோம். என் முறை வந்தபோது, "இப்ப போகாதீங்க. ஒருத்தர் சராசரியா எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு பாக்கணும், இன்னும் அஞ்சு பேர் போகட்டும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இன்னோர் எடுத்துக்காட்டு: போக்குவரத்துப் பொருளாதாரத்தின்போது நாங்கள் ஏற வேண்டிய நாலு பேருந்தை எண்ணிக்கைக்காக விட்டு ஐந்தாவதில் ஏறினோம், போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்தை விட்டே கிளம்பியிருந்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசிப் பருவத்தில் உழைப்புப் பொருளாதாரத்தை எடுத்து, சம்பளமில்லாத வீட்டு வேலையைப் பற்றி ஆய்வு செய்யப் போவதாகச் சொன்னாள். எங்கள் குடியிருப்பில் பதினோரு வீடு. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இருபத்திரண்டு படிவம். முந்தின நாள் தூக்கம் முதல் சமையல் வரை எதை எத்தனை மணி நேரம் செய்தோம் என்று எழுதித் தர வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுக்காவிட்டால் இந்த வருடம் பட்டம் கிடையாது.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போயிருந்தாள். படிவங்கள் மேசைமேல் அடுக்கியிருந்தன. மச்சான், முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அடுக்கிய தாளைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். சும்மா புரட்டினேன், எல்லாம் தப்பு. கீழ்வீட்டுத் தையல்காரர் காலை ஐந்து மணிக்கு எழுவதாக எழுதியிருந்தார்; எட்டு மணிக்கு அவர் விடும் முதல் கொட்டாவி என் ஜன்னல் வரை கேட்கும். அடித்துவிட்டு எட்டு என்று திருத்தினேன். பேக்கரிக்காரர், மகளுக்குப் பாடம் சொல்லித்தர இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தார், ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினேன். பெண்களின் தாள் இன்னும் மோசம். கூட்டினால் இருபத்தாறு, இருபத்தேழு என்று போகிறது. ஒரு தாளில் இருபத்தெட்டரை! 'ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரமே. கூட்டலைச் சரிபார்' என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்ட பிறகுதான் வீட்டு எண்ணைப் பார்த்தேன். எங்கள் வீடு. என் தாளில் கூட்டல் கச்சிதமாக இருபத்துநாலு, அதில் வீட்டு வேலை நாலரை மணி நேரம். பத்துக்குப் பத்து.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் திருத்திய தாளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

"மேசைல இருந்த படிவமெல்லாம் எங்க?" என்றாள் கல்லூரியிலிருந்து வந்ததும்.

"திருத்திக் கொடுத்துட்டேன்."

"என்னத்தத் திருத்தினீங்க?"

"தப்பா இருந்ததை."

"அது என்ன பரீட்சைத் தாளாங்க? அவங்க என்ன சொன்னாலும் அப்படியே வச்சுக்கணும்!"

"அதுக்காகக் கூட்டல் இருபத்தெட்டரை வரலாமா?"

"அடுப்புல கொதிக்கிறப்பவே துணியும் மடிச்சா ரெண்டையும் தனித்தனியா எழுதணும். தாள்ல மேலேயே போட்டிருக்கு. படிச்சீங்களா?"

படிக்கவில்லை, மச்சான். 'கேள்வித்தாளை முதலில் முழுசா படிங்கடா' என்று முப்பத்தொரு வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் படிக்கவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் தாள்களைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். "தர முடியாது சார்" என்றார் தையல்காரர். "என் வீட்டுக்காரி அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. எட்டு மணிக்குக் கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கா." பேக்கரிக்காரர் வாசலை மறித்துக்கொண்டார். "பத்துக்கு ரெண்டா சார்? என் பொண்ணு பாத்துட்டா. இனிமே அவளை நான் எப்படிப் படின்னு அதட்டுறது? மறுமதிப்பீட்டுக்கு எங்க எழுதிப் போடணும்?"

கிடைத்த தாள்களை அவளுடைய பேராசிரியை ஏற்கவில்லை. பிறர் கை பட்ட பதில் செல்லாது, புதிதாக எடுத்து வந்தால் பார்க்கலாம் என்றாராம். உங்கள் தங்கை தொலைபேசியில் எங்கள் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "எந்த முகத்தோட மறுபடி போய்க் கேக்கறது? விட்டுடறேன்டி. ஏற்கெனவே ஒருதரம் விட்டதுதானே, பழக்கந்தான்." சொல்லிவிட்டு அழுதாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகையால் மச்சான், தயவுசெய்து ஒரு நடை வாருங்கள். போனால் போகட்டும், இந்த வயதில் இவ்வளவு படித்ததே பெரிது, பட்டம் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். அவள் மனம் அமைதியானால் போதும்.

உங்கள் வீட்டுச் சின்னவர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்ற வாழ்த்தோடு,
தவறு செய்து நிற்கும்
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மேலே உள்ளது புதன்கிழமை எழுதியது. இன்று காலை உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கடிதத்தை அவள் படித்துவிட்டாள். "விட்டுடுன்னு சொல்றதுக்கு என் அண்ணனையே கூப்பிடுறீங்களா?" என்றாள். பேச்சு வந்துவிட்டது. அடுத்ததாக, "செருப்பைப் போடுங்க" என்றாள். பத்து வீட்டுக்கும் போனோம். ஒவ்வொரு வாசலிலும் நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் கேள்வி கேட்டாள். தையல்காரர் தானாகவே எட்டு என்று எழுதினார். பேக்கரிக்காரர் மட்டும், "மார்க் கிடையாதே?" என்று உறுதி செய்துகொண்டு பேனாவைத் தொட்டார். ஆக, மேலே நான் கேட்டதை அடித்துவிடவும். விட்டுவிடச் சொல்ல வர வேண்டாம். பட்டமளிப்புக்கு வந்தால் போதும்.

கடைசியாக எங்கள் வீடு. இந்த முறை மேலே அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு உள்ளபடியே எழுதினேன். சமையலறை வாசலில் நின்று பேசுவது வீட்டு வேலையில் சேராதாம். கூட்டினால் பத்தொன்பதரைதான் வந்தது. "மீதி நாலரை மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியலையே" என்றேன். அவள் தன் படிவத்தை என் முன்னால் நகர்த்தி, "இங்கதான் இருக்கு" என்றாள். இரண்டையும் சேர்த்துக் கூட்டினேன். நாற்பத்தெட்டு. விடை சரி, மச்சான்.