என் பெயர் இப்போது கம்பெனியுடையது

அன்பு மகன் இனியவனுக்கு அப்பா எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் பிள்ளைத்தாய்ச்சியான மருமகள் மலர்க்கொடியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் மாடும் சௌக்கியம். என் பெயருக்குத்தான் சௌக்கியமில்லை.

நம் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு விதைக் கம்பெனி கூரை போட்டுக் கொடுத்து, மேலே 'மருதையன் விதைகள் நிழற்குடை' என்று எழுதிவைத்தது. மழையில் சாயாத கதிராகப் பொறுக்கி அந்த நெல்லைச் சேர்த்தவன் நான், ஊரே அதை என் பெயரால் மருதையன் நெல் என்கிறது, அதற்குச் செய்கிற மரியாதை என்று நினைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், வந்த பஸ்ஸில் எல்லாம் ஏறாமல் அதன் கீழே உட்கார்ந்திருந்தேன். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தப் பெயரை அவர்கள் பதிவு செய்துவிட்டார்களாம். கம்பெனி அதிகாரி வந்து, "ரேஷன் கார்டுல பேர நீங்களே வச்சுக்குங்க பெரியவரே. நெல்லுக்கு மட்டும் யாரும் சொல்லக்கூடாது, சொன்னா கேஸு" என்றார். ஆடியில் விதைநெல் மாற்றிக்கொள்ள வருகிற சனம் பயந்துபோய் வாசலோடு திரும்பியது. இந்த நெல் என்னோடே முடிந்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி.

போன வாரம் அதிகாரி ஆதாரம் பிடிக்க மறுபடி வந்தார். விதைநெல் புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "இது என்ன நெல்லும்மா?" என்றார். உன் அம்மா அம்சம் என்றைக்கு என் பெயரை வாயால் சொல்லியிருக்கிறாள்? ஓட்டுச்சாவடியில் புருஷன் பெயர் கேட்டாலே என் பக்கம் கையைக் காட்டுகிறவள்.

"தம்பி அப்பா நெல்லுங்க."

"எந்தத் தம்பி?"

"எங்க இனியவனுங்க."

"அவரு அப்பா பேரு என்ன?"

"ஆத்தாடி, அத நான் எப்புடிங்க சொல்லுவேன்?"

அவரும் விடவில்லை, இவளும் சொல்லவில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வேடிக்கை பார்த்த பெண்கள் அன்றைக்கே ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். இப்போது அரசப்பன் டீக்கடை வரைக்கும் 'இனியவன் அப்பா நெல்லு' என்றுதான் பேச்சு. நன்னிலத்திலிருந்துகூட ஆள் வந்து அப்படியே கேட்டு மாற்றிக்கொண்டு போகிறது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஆகவே நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. நம் நெல்லை இனி யாரும் அசைக்க முடியாது. மருமகளைக் குடம் தூக்கவிடாதே. அய்யனார் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருப்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
(பெயரைப் போடுவதற்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது)

பி.கு.: தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது அதிகாரி எதிரே வந்தார். உன் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார். ஆகவே கவலைப்படு. பிள்ளை பிறந்ததும் பெயரை வைத்து, அம்மாவிடம் மட்டும் சொல். நெல்லுக்கு அவசரமாக வேண்டும்.