லிங்க் சித்தப்பாவும் பதினேழில் ஒரு பங்கும்

தான் எட்டிக்கூடப் பார்க்காத வாசலை ஊருக்கெல்லாம் திறந்துவிடுகிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் வருவார். வேலை இருந்தாலும் வருவார். உட்காருவதற்குள் போனை நீட்டுவார். "இத பாரு. உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச வேலை!"

அந்த இனத்தில் முதல் தரம் எங்கள் லிங்க் சித்தப்பா. குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளர். ஆசிரியர் வேலைகளுக்கென்று அரசாங்கம் ஓர் இணையதளம் திறந்த நாளிலிருந்து, தண்ணீரை அதன் போக்கில் விட்டுவிட்டார். அந்தத் தளத்தின் முகப்பில் ஓர் ஆசிரியை சாக்பீஸும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். படத்தில் பிள்ளைகள் யாரும் இல்லை. சிரிப்புக்கு அதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். கீழே, 'ஐந்தே கேள்விகளில் உங்களுக்குள் இருக்கும் ஆசிரியரைக் கண்டறியுங்கள்' என்று ஒரு தேர்வு. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் 'குழந்தைகளைப் பிடிக்குமா?' என்ற கேள்விக்கு 'எப்போதாவது' என்று குறித்தார். 'வாழ்த்துகள்! நீங்கள் பிறவி ஆசிரியர்!' என்றது தளம். சித்தி ஒன்றையுமே குறிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அவரும் பிறவி ஆசிரியர்தான்.

வெறுமனே இணைப்பை அனுப்பிவிட்டு ஓய்கிற ஆளா சித்தப்பா? விண்ணப்பத்தையும் அவரே நிரப்புவார். முதலில் சோதனைக்காகத் தன் பெயரில் ஒரு கணக்கு, பிறகு சித்தி, பல் டாக்டர், லிஃப்ட் மெக்கானிக், சித்தியின் அக்கா மகன் என்று மொத்தம் பதினேழு பேர். பதினேழுக்கும் ஒரே போன் நம்பர்: அவருடையது. "ஓடிபி வந்தா நீங்கெல்லாம் தூங்கிடுவீங்க. நான் பாத்துக்கறேன்."

இதில் உண்மையிலேயே வேலை தேவைப்பட்டது ஒருத்திக்கு மட்டும்தான். அவருடைய அண்ணன் மகள். கணிதப் பட்டம், ஆசிரியர் பயிற்சி, இரண்டு வருடக் காத்திருப்பு. இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளியில் ஒரே ஒரு கணித ஆசிரியர் இடம் வந்தது.

"நானே போட்டுக்கறேனே, சித்தப்பா."

"உனக்கெதுக்கும்மா அந்தக் கஷ்டம்?"

கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா பேயறைந்த முகத்தோடு வந்தார். ஒரு நம்பருக்கு ஓர் ஆள்தான் என்பது தளத்தின் நம்பிக்கை. எனவே பதினேழு பேரையும் உருட்டித் திரட்டி ஒரே ஆளாக்கிவிட்டது. பெயர் சித்தப்பாவுடையது. தகுதி: கணிதப் பட்டம், சங்கீத டிப்ளமோ, பல் மருத்துவம், லிஃப்ட் பழுது பார்த்தல். அனுபவம்: இருநூற்றுப் பதினான்கு ஆண்டுகள். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் எந்த அரசாங்கம் விடும்? மாதிரி வகுப்பு எடுக்க வரச் சொல்லி அவருக்கே கடிதம் வந்திருந்தது.

அவள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நேரம். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பாவை நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலத்தான் இருந்தது. அதற்குள் அவளே முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"கிளம்புங்க, சித்தப்பா."

"எங்கம்மா?"

"கிளாஸ் எடுக்க. உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச வேலை."

"ஐயையோ! பசங்களோட யாரு மாரடிக்கிறது? அதெல்லாம் நமக்குச் சரிப்படாதும்மா!"

பல வருடங்களில் அவர் மனசு விட்டுப் பேசியது அன்றுதான். விடவில்லை அவள், இழுத்துக்கொண்டு போனாள்.

ஏழாம் வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. சித்தப்பா பலகையில் தேதி எழுதினார்.

"சார், தேதி தப்பு."

கைக்குட்டையால் அழித்தார்.

"சார், இன்னிக்கு என்ன பாடம்?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ஆசிரியப் பணி ஒரு புனிதமான பணி..."

"அது எத்தனாவது பக்கம், சார்?"

சித்தப்பா வெளியே வந்துவிட்டார். நடந்து வந்தாரா ஓடி வந்தாரா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. வாசலில் நின்றிருந்த அண்ணன் மகள் உள்ளே போனாள். ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், பின்னம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் தலைமையாசிரியை.

"இந்த விண்ணப்பத்துல இருக்கிற கணிதப் பட்டம் நான்தாங்க."

தலைமையாசிரியை சான்றிதழைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், வாசலில் வியர்த்துக்கொண்டிருந்த பெயரையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார்: 'விண்ணப்பதாரரில் பதினேழில் ஒரு பங்கு தேர்வு செய்யப்பட்டது.' தளம் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. அவள் வேலைக்குப் போய் இப்போது ஆறு மாதம். தளமோ, மீதிப் பதினாறு பங்கு எப்போது வந்து சேரும் என்று வாரா வாரம் சித்தப்பாவைக் கேட்கிறது. அதில் ஒரு பங்கு நான். சித்தியின் அக்கா மகன் என்று மேலே சொன்னேனே, அது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தத் தளத்தின் இணைப்பு உங்கள் போனிலும் இருக்கும். மைத்துனன் மகனுக்கு அனுப்பியிருப்பீர்கள், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அனுப்பியிருப்பீர்கள், 'நல்ல வாய்ப்பு, விடாதே' என்றும் சேர்த்திருப்பீர்கள். இப்போது அதையே திறந்து, 'விண்ணப்பதாரர் பெயர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள் பார்ப்போம்.

விரல் நகரவில்லையா?

வாங்க, சித்தப்பா. உட்காருங்க.