ஐநூறு அக்காவும் பல்லாவரத்து கெவினும்

தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும் அத்தனை லாரிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தாலும் எங்கள் ஐநூறு அக்காவின் கோபத்துக்குப் பக்கத்தில்கூட வரமுடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் ஹமீது பாய் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். நான் டிசைன் போடுகிறவன். அக்கா ப்ரோகிராம் எழுதுகிறவர். வெப்சைட் படுத்துவிட்டால் திரையில் '500' என்று ஒரு எரர் வரும். வந்தால் அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, எழுந்து நின்று கத்துவார். பெயர் வந்தது அப்படித்தான். அவரைவிட இருபது வயது பெரியவரான ஹமீது பாயே அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். மரியாதையெல்லாம் இல்லை, பயம்.

கீபோர்டைத் திட்டுவார். பப்ஸ் ஆறிப்போயிருந்தால் மாடியிலிருந்தே பேக்கரிக்காரரைத் திட்டுவார். ஒருமுறை கரன்ட் போனதும் ஈ.பி. ஆபீஸுக்கு போன் போட்டுப் பொரிந்து தள்ளினார். எதிர்முனையில் யாரோ, "ராங் நம்பர்ம்மா" என்று கெஞ்சியிருக்கிறார். "ராங் நம்பர்னா மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே சார்? இவ்ளோ நேரம் கேட்டுட்டு இருந்தீங்களே!" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் குரோம்பேட்டை ஜைனப்பும் ஒருவர். பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் ஒற்றை விரலால் தமிழில் டைப் அடித்து ஒரு சமையல் தளம் நடத்தினார். துபாயிலும் சிங்கப்பூரிலும் அவருக்கு வாசகிகள் இருந்தார்கள். குறிப்புகளை நேராகத் தளத்திலேயே அடித்துவிடுவார். வேறு பிரதி கிடையாது.

அந்தத் தளம் இருந்தது ஷேர்டு ஹோஸ்டிங்கில். ஒண்டுக்குடித்தனம் மாதிரிதான். ஒரே மெஷினில் நூற்றுக்கணக்கான தளங்கள். ஒருநாள் காலை அந்த மெஷின் மக்கர் செய்தது. ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் புது மெஷினுக்கு மாற்றிவிட்டு, 'இதோ பேக்கப், நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி மெயில் அனுப்பினார்கள். வீட்டை இடித்துவிட்டுச் செங்கல்லைத் தெருவில் கொட்டிப் போன மாதிரி. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா ஏற்றினார். '500' வந்தது. நாற்காலி பின்னால் போனது. பழைய மெஷினுக்காக எழுதிய ஒரு வரி புது மெஷினுக்குப் பிடிக்கவில்லை, அதை நீக்கினார். அடுத்து, குறிப்புகளெல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை என்றது. புது இடத்தில் டேட்டாபேஸின் பெயரையே மாற்றி வைத்திருந்தார்கள், சொல்லாமல். "பேர மாத்தினா சொல்ல மாட்டானுங்களா? ரேஷன் கார்டுல பேர மாத்தினா இவன் சும்மா இருப்பானா?" அதையும் சரிசெய்தார்.

தளம் திறந்தது. ஆனால் தமிழ் இருந்த இடத்திலெல்லாம் கேள்விக்குறி. தலைப்பில், குறிப்பில், வாசகிகளின் பாராட்டில், பக்கம் பக்கமாக வெறும் கேள்விக்குறி. பேக்கப் ஃபைலையே திறந்து பார்த்தார். அதற்குள்ளும் அதேதான்.

அந்த நேரம் பார்த்து ஜைனப் மாடியேறி வந்தார். திரையைப் பார்த்தார். "எல்லாம் போயிடுச்சாக்கா?"

அக்கா கத்தவில்லை. "உக்காருங்க" என்றார், மெதுவாக.

ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் போட்டார். கெவின் என்று ஒருவன் மூக்கால் இங்கிலீஷ் பேசினான். பிரௌசரை மூடித் திறந்து பாருங்கள் மேடம் என்றான். கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள் மேடம் என்றான். அக்காவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரில் கெவினுக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை வரை செல்லும்..."

அக்கா எழுந்து நின்றார்.

"டேய் கெவின்! எந்த ஸ்டேஷன்டா அது?"

"பல்லாவரம்க்கா" என்றது மூக்கு இல்லாத குரல். பயத்தில் வாய்தவறிவிட்டது.

ஜைனப்பை ஆபீஸிலேயே உட்காரவைத்துவிட்டு, அடுத்த எலெக்ட்ரிக் டிரெயினில் அக்காவும் நானும் இருந்தோம். ஸ்டேஷனை ஒட்டியே கண்ணாடி ஒட்டிய கட்டடம். வாசலில் வாட்ச்மேன்.

"இன்னாம்மா, யார் வோணும்?"

"கெவின்."

"அப்டி யாரும் இங்க இல்லியே. வெள்ளக்காரன்லாம் இங்க ஏதும்மா?"

அக்கா மாடியை அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு தடவை, "கெவின்!" என்றார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன் ஓடிவந்தான். நிஜப் பெயர் குமரேசன், ஊர் சிங்கப்பெருமாள் கோவில்.

"ஏம்ப்பா, பேக்கப்ல தமிழே இல்ல. எடுத்தது யாரு?"

"இங்கிலீஷ் எழுத்து மட்டும்னு செட்டிங் வெச்சு எடுத்துட்டாங்க போலக்கா."

"பழைய மெஷின் இன்னும் உயிரோட இருக்கா?"

"தட்டித் தட்டி ஓட வெச்சிருக்காங்க. சாயந்தரம் அழிச்சிடுவாங்க."

"அழிப்பாங்களா? ஒரு பொம்பள வருஷக்கணக்கா தூங்காம அடிச்சதுப்பா அது! உனக்குத் தமிழ் தெரியும்ல? தமிழ் தெரிஞ்ச நீயே பிரௌசரை மூடித் திறன்னு சொல்வியா?"

"என் வேலை போயிடும்க்கா."

"போனா நேரா எங்க ஆபீஸுக்கு வா. பாய்கிட்ட நான் சொல்றேன். இப்ப மேல போய் உன் மேனேஜர்கிட்ட கேளு. அவர் முடியாதுன்னா கீழ அனுப்பு."

மேனேஜர் ஜன்னல் வழியாக அக்காவை ஒருமுறை பார்த்தாராம். பழைய மெஷினிலிருந்து மறுபடி ஒழுங்காகப் பேக்கப் எடுத்துத் தர உடனே சம்மதித்துவிட்டாராம்.

ஆபீஸுக்குத் திரும்பிப் புது ஃபைலை ஏற்றினார். இந்தத் தடவை கேள்விக்குறி இல்லை. அதற்குப் பதில் கொம்பும் புள்ளியும் வைத்த ஏதேதோ ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாகக் கொட்டின. ஜைனப் முகத்தைப் பொத்திக்கொண்டார். அக்கா குதித்தார்.

"குப்பை! ஜைனப், குப்பை வந்திருக்கு! கேள்விக்குறின்னா எழுத்து செத்துப்போச்சுன்னு அர்த்தம். குப்பைன்னா உள்ள பத்திரமா இருக்கு, இதுக்குப் படிக்கத்தான் தெரியல!"

ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி திறந்தார். 'தக்கடி செய்வது எப்படி?' என்று தமிழில் வந்து நின்றது.

ஜைனப் அழுதுவிட்டார். "இப்ப எதுக்கு அழறீங்க? மொதல்ல எல்லாத்தையும் உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இறக்கி வைங்க!" என்று அக்கா கத்தினார். பிறகு மின்விசிறியைத் திட்டினார். அது ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் குமரேசன் அடிக்கடி போன் செய்தான். எந்த வேலையும் இருக்காது. "அக்கா இருக்காங்களா சார்?" என்பான். கொடுத்தால் இரண்டு நிமிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக வைத்துவிடுவான்.

சில வருடங்களில் அக்கா வேறு வேலை கிடைத்துப் புனேவுக்குப் போய்விட்டார். அதன்பின் தொடர்பு விட்டுப்போயிற்று. எந்த ஊரில் இருந்தாலும், உடம்பு நன்றாக இருந்து, யாருக்காகவாவது யாரையாவது திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.