குளியலறைக்கு முத்திரை வைத்த கதை

படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகள் பெருகிவிட்ட காலத்தில், அந்த முதியவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. போய்ப் பார்க்க ஒரு குழு வேண்டும், குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும், தலைவருக்கு ஒரு ஜீப் வேண்டும். இவை மூன்றும் செங்கல்பட்டில் ஒருவழியாகக் கூடி வந்ததும் 'இல்லப் பராமரிப்புச் சேவைகள் தர மற்றும் பாதுகாப்பு ஆய்வுக் குழு' பிறந்தது. இவ்வளவு நீளப் பெயர் ஜீப்பின் முகப்பில் அடங்கவில்லை. முன்னால் பாதியும் பின்னால் மீதியுமாக எழுதிக்கொண்டு ஜீப் கடற்கரைப் பக்கம் கிளம்பியது.

அது போய்ச் சேர வேண்டிய இடம் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்தெருவில் இருந்த ஹரிகிருஷ்ணன் வீடு. ஹரிகிருஷ்ணன் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போது கட்டிலும் வாக்கருமாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. கனடாவில் இருக்கும் மகள் பிரதீபா போனிலேயே தேடி, நாவலூரில் உள்ள 'வெள்ளிநிலா' என்ற கம்பெனியை அமர்த்தியிருந்தாள்.

வெள்ளிநிலாவில் நோயாளி என்ற சொல்லுக்கே தடை. அங்கே எல்லாரும் நட்சத்திரங்கள். சாப்பிட வைப்பதற்குப் பெயர் ஊட்ட அனுபவம். பாத்ரூமுக்குக் கூட்டிப் போவதற்குப் பெயர் நீர்ம மேலாண்மை. இந்தப் பெயர்களையெல்லாம் கண்டுபிடித்தவர் மேனேஜர் பிரவின்குமார். நட்சத்திரங்களைத் தூக்கி, துடைத்து, நடக்க வைக்கிற அம்சாவுக்கு இதில் ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. அவள் ஹரிகிருஷ்ணனை நைனா என்று கூப்பிட்டாள். வேளாவேளைக்கு வந்து, "இன்னா நைனா, போலாமா?" என்பாள். அவர் அவள் தோளில் ஒரு கையும் வாக்கரில் ஒரு கையுமாகப் போய்வருவார்.

இந்தப் போய்வருதலில்தான் அவருடைய மானமே இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாள்கூட அவர் படுக்கையை நனைத்ததில்லை. பிரவின்குமாருக்கோ அவரை டயப்பருக்கு மாற்றிவிட ஆசை. அதற்கு 'உயர்தர சௌகரியத் திட்டம்' என்று ஒரு பெயரும் தனிக் கட்டணமும் தயாராக இருந்தன. ஒரே ஒரு தடவை படுக்கை நனைந்தால் மறுநாளே டயப்பர்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, மகளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். ஹரிகிருஷ்ணன் அன்றிலிருந்து படுக்கையை எல்லைப் பாதுகாப்புப் படைபோல் காத்துவந்தார்.

ஆய்வு நாளன்று விடிந்ததுமே பிரவின்குமார் வந்துவிட்டார். கிழவருக்குப் பட்டு ஜிப்பா மாட்டி, சீப்புக்கு அகப்பட்ட நாலு முடியை வாரிவிட்டு, காபி கொடுத்து, ஆய்வு முடியும்வரை நட்சத்திரம் கட்டிலில் சிரித்த முகமாக இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். குழு வந்து போகட்டும், அப்புறம் பாத்ரூம் போய்க்கொள்ளலாம் என்று ஹரிகிருஷ்ணனும் நினைத்தார். நாம் நினைக்கிற நேரத்துக்குப் பெரிய மனிதர்களின் ஜீப் வந்ததாகச் சரித்திரம் உண்டா? மாமல்லபுரத்தில் இறங்கி வெண்ணெய் உருண்டைப் பாறையைச் சுற்றிப் பார்த்து, இவ்வளவு பெரிய கல் சரிவில் எந்த அனுமதியும் இல்லாமல் நிற்பதைக் கவலையோடு குறித்துக்கொண்டு, டிபன் முடித்து, குழு வந்து சேர்ந்தபோது, கிழவர் குடித்த காபி தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது.

குழு என்றால் இரண்டு பேர். தலைவர் அருணகிரி ஒருவர்; அரக்கு, நூல், மெழுகுவர்த்தி அடங்கிய பெட்டியைத் தூக்கிவரும் ராமதாஸ் இன்னொருவர். மற்ற இடங்கள் காலியாக இருந்தன. பிரவின்குமார் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். அருணகிரி பொன்னாடையோடே ஆய்வைத் தொடங்கினார்.

முதலில் மின்விசிறியைப் பார்த்தார். மேலே இருக்கும் பொருள் எதுவும் கீழே விழக்கூடியது என்றார். விசிறி நிறுத்தப்பட்டது. ஜன்னலைப் பார்த்தார். கடற்காற்றில் சளி பிடிக்கும் என்றார். ஜன்னல் மூடப்பட்டது. பிறகு கட்டிலை நெடுநேரம் பார்த்தார். உலகத்தில் சாகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் கட்டிலில்தான் சாகிறார்கள், ஆகையால் கட்டில் மிக அபாயகரமான தளவாடம் என்று முடிவுசெய்தார். ஆனால் ஆளோடு சேர்த்துச் சீல் வைக்க விதியில் இடம் இல்லை என்று ராமதாஸ் ஞாபகப்படுத்தவே, கட்டில் தப்பியது.

அடுத்து குளியலறை வாசலில் போய் நின்றார்.

"வயசானவங்க அதிகமா வழுக்கி விழுறது எங்க?" என்று கேட்டார்.

"பாத்ரூம்லதான் சார்," என்றார் பிரவின்குமார், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல.

"அப்ப ஆபத்து எங்க இருக்கு?"

"பாத்ரூம்ல சார்."

ராமதாஸ் அதற்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டார்.

அம்சா குறுக்கே வந்தாள். "சார், வூட்டுல ஒரே பாத்ரூம்தான் கீது. நைனா அவசரத்துக்கு எங்க போவாரு?"

"போனாத்தானேம்மா விழுவாரு," என்றார் அருணகிரி பரிவோடு. "போகலைன்னா விழ மாட்டாரு இல்ல? பாதுகாப்புன்னா இதுதான்."

கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே நூல் கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு வழிய, அதன்மேல் முத்திரை இறங்கியது. செங்கல்பட்டில் குழுவின் அடுத்த கூட்டத்தில் அறிக்கை ஏற்கப்பட்டதும் அறை திறக்கப்படும். கூட்டம் எப்போது என்று கேட்டதற்கு, உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டதும் என்று பதில் வந்தது.

பெட்பேன் உள்ளே மாட்டிக்கொண்டது. பக்கெட்டும் உள்ளே. அம்சா சமையலறையிலிருந்து ஒரு பெரிய சொம்பைக் கொண்டுவந்தாள். மருத்துவச் சாதனமாக அங்கீகாரம் பெறாத பாத்திரத்தை அந்தப் பணிக்குப் பயன்படுத்தினால் கம்பெனியின் உரிமமே ரத்தாகும் என்றார் தலைவர். பிரவின்குமார் சொம்பைப் பிடுங்கித் தன் பைக்குள் ஒளித்தார். பக்கத்து வீட்டுக்காவது தூக்கிப் போகிறேன் என்றாள் அம்சா. ஆய்வு நடக்கும்போது ஆய்வுக்கு உரியவர் இடத்தை விட்டு நகர்ந்தால் எதை ஆய்வு செய்வது என்று தலைவர் மடக்கினார்.

அவள் கட்டிலருகே குனிந்து, "ஒரு நூலுதான் நைனா. இஸ்து அறுத்துட்டு வா போலாம். இன்னா பண்ணிடுவானுங்க?" என்றாள்.

வேறு எவனாயிருந்தாலும் சரி என்றிருப்பான். ஆனால் ஹரிகிருஷ்ணன் வாழ்நாளெல்லாம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். அரக்கு முத்திரை வைத்த அலமாரியைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கி நடந்தே பழகியவர். "வேண்டாம்மா. அது கவர்மெண்ட் சீல்," என்றார்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் பென்ஷன் வாங்கியவர்கள் இல்லை. ஹரிகிருஷ்ணன் அடக்கினார். காலைப் பின்னிக்கொண்டார், பல்லைக் கடித்துக்கொண்டார், தண்ணீர் இல்லாத விஷயங்களாக நினைத்துப் பார்த்தார். கிழக்கே சும்மா இராமல் கடல் அலையடித்துக்கொண்டே இருந்தது. அவர் பல்லைக் கடித்திருப்பதைப் பார்த்து, பயனாளி புன்னகையுடன் காணப்பட்டார் என்று அருணகிரி அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

விசிறியும் ஜன்னலும் இல்லாத அறையில் குழுவுக்கு வேர்த்துக் கொட்டியது. பிரவின்குமார் இளநீர் வரவழைத்தார். கிழவரின் காதுக்குப் பக்கத்திலேயே இளநீர் டம்ளர்களில் கொடகொடவென்று ஊற்றப்பட்டது. அந்தச் சத்தத்தை இங்கே வர்ணிப்பது மனிதாபிமானம் ஆகாது. இளநீருக்குப் பிறகு மோர், மோருக்குப் பிறகு காபி. கொஞ்ச நேரத்தில் அருணகிரி நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார். பிறகு எழுந்து நடந்தார். கடைசியில் ராமதாஸைத் தனியாகக் கூப்பிட்டு விதி என்ன சொல்கிறது என்று விசாரித்தார்.

விதி தெளிவாக இருந்தது. குழு உறுப்பினர்கள் ஆய்வின் பொருட்டு முத்திரையை அகற்றி உள்ளே செல்லலாம். அருணகிரி ஆய்வின் பொருட்டு உள்ளே போய், தாழ் போட்டுக்கொண்டு, சாந்தமான முகத்தோடு வெளியே வந்தார். திரும்பவும் நூல், அரக்கு, முத்திரை. அடுத்து ராமதாஸ் ஆய்வு செய்தார். திரும்பவும் அரக்கு. பிரவின்குமார் சிறப்பு அழைப்பாளர் என்ற முறையில் போய்வந்தார்.

"எனக்கும் ஒரு நிமிஷம் கொடுங்களேன்," என்றார் ஹரிகிருஷ்ணன். குரல் அவர் குரலாகவே இல்லை.

"உங்களுக்காகத்தானே சார் சீலே வச்சிருக்கோம்," என்றார் அருணகிரி.

அந்த நெருக்கடியில் ஹரிகிருஷ்ணனுக்கு ஞானம் பிறந்தது. தன் காலத்தில் அவர் பார்க்காத கமிட்டியா? எல்லாக் கமிட்டியிலும் பொதுமக்கள் தரப்பில் ஒருவருக்கு இடம் உண்டு, அது எப்போதும் காலியாக இருக்கும். இதிலும் இருக்கிறதா என்று கேட்டார். ராமதாஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பயனாளிகள் பிரதிநிதி, ஒன்று, காலி. உள்ளூர் முதியவராகவும் ஓய்வு பெற்ற அரசு ஊழியராகவும் இருப்பது விரும்பத்தக்கது.

அருணகிரிக்கும் சந்தோஷம்தான். இன்னும் ஒரு ஆள் இருந்தால் கூட்டம் நடத்த எண்ணிக்கை சரியாகிவிடும். கட்டிலிலேயே நியமனம் நடந்தது, ஜிப்பாவின்மேல் அடையாள அட்டை தொங்கவிடப்பட்டது. ஒரே ஒரு சடங்குதான் பாக்கி: புது உறுப்பினர் முதலில் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்.

அவசரத்திலும் அவர் படித்துப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. மாவட்டம் முழுக்க, பராமரிப்பில் உள்ள முதியவர்களின் வீட்டுக் குளியலறைகள் எல்லாவற்றுக்கும் முத்திரை. முதியவர்கள் எல்லாருக்கும் டயப்பர் கட்டாயம். குழு உறுப்பினர்களுக்கு விலக்கு. நாவலூரிலிருந்து இந்த ஊர்வரை எத்தனை கட்டில், எத்தனை கிழம் என்று ஒரு கணம் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே அதைவிடப் பலமாக வேறொன்று அடித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டார்.

முத்திரை உடைந்தது. தோள் கொடுக்க வந்த அம்சாவை ராமதாஸ் தடுத்தார். அவள் உறுப்பினர் இல்லை. ஆக, வழுக்கி விழாமல் அவரை இத்தனை நாள் காப்பாற்றிய ஒரே சாதனம் பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியே நிறுத்தப்பட்டது. கிழவர் வாக்கரோடு தள்ளாடி, குழாயைப் பிடித்து, சுவரைப் பிடித்து, எப்படியோ போய்ச் சேர்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பஸ் பயணத்தில் அகப்பட்டுத் தவித்தவர்களுக்கு அந்தச் சுகத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் அம்சா கேட்டாள்: "நீ போய்ட்ட, சரி நைனா. மத்த கெழங்கள்லாம் இன்னா பண்ணும்?"

"கமிட்டி முடிவும்மா," என்றார். அப்போது அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆனால் மறுவாரம் வாசலில் ஜீப் வந்து நின்று, ராமதாஸ் இறங்கி, மெம்பர் சார் ரெடியா என்று கேட்டபோது அந்த வெட்கத்தைத் தேட வேண்டியிருந்தது. விழுந்த நாளிலிருந்து அவரை யாரும் சார் ரெடியா என்று கேட்டதில்லை. எங்கே தூக்கி வைத்தார்களோ அங்கேதான் இருந்தார்.

அன்றைக்குத் திருவிடந்தையில் ஞானம்மாள் என்பவளின் வீட்டில் ஆய்வு. பக்கவாதத்தில் படுத்த பொம்பளை. ஹரிகிருஷ்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்து அம்சா தள்ளிவந்தாள். பொன்னாடை போர்த்தப்பட்டது, இளநீர் வந்தது, கதவில் அரக்கு வழிந்தது. முத்திரை காய்வதற்குள்ளேயே ஹரிகிருஷ்ணன் ஆய்வின் பொருட்டு ஒருமுறை உள்ளே போய்வந்துவிட்டார்.

வந்திருந்தவர்களில் தன் வயசில் இருந்த ஒரே ஆளைப் பார்த்து ஞானம்மாள் மெல்லக் கையசைத்தாள். "ஐயா, காலைலேந்து போவல. நீங்களும் என்னாட்டமே நடக்க முடியாதவருதான? அவுங்களாண்ட கொஞ்சம் சொல்லுங்க."

ஹரிகிருஷ்ணன் கதவைப் பார்த்தார். அருணகிரியைப் பார்த்தார். அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா," என்றார். "ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான்."

நாற்காலிக்குப் பின்னால் நின்ற அம்சா தலையில் அடித்துக்கொண்டாள். ஞானம்மாள் அவளைக் கவனிக்கவில்லை. அவள் கண் அந்த அட்டைமேலேயே இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இந்தக் கமிட்டில சேரணும்னா இன்னா பண்ணணும் ஐயா?"

"பயனாளிகளுக்கு இருந்தது ஒரே ஒரு இடம்," என்றார் ஹரிகிருஷ்ணன், இளநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு. "அது நிரம்பிவிட்டது."